கன்னி நாய் வாங்கும்போது 'வேட்டை லைன்' (வேட்டையாடிய நாய்களின் வம்சம்) என்று சொல்வதை நம்பலாமா? வேலைத்திறன் ரத்தத்தில் வருமா?

ரத்தத்தில் வரும். ஆனால் குட்டி விற்பவர் போனில் சொல்லும் கதையை வைத்து அது வந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது.

நீங்கள் கேட்டிருப்பது இது: மதுராந்தகம் பக்கம் தோட்டம் இருக்கிறது, வாரக் கடைசியில் சென்னையிலிருந்து போய்வருகிறீர்கள், ஒரு கன்னிக் குட்டி வாங்க ஆசை. ஒருவர் "தாத்தா காலத்து வேட்டை லைன்" என்று சொல்லி இரண்டு மடங்கு விலை கேட்கிறார். இன்னொருவரிடம் கென்னல் கிளப் (நாய் இனங்களைப் பதிவு செய்யும் சங்கம்) பேப்பர் இருக்கிறது. யாரிடம் வாங்குவது?

எங்கள் பூர்வீகம் சாத்தூர் பக்கம். தாம்பரம் தாண்டிக் குடிவந்த பிறகும் வீட்டில் கன்னி இல்லாத காலம் இருந்ததில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பேப்பர். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமை அலுவலகம் சென்னையில்தான் இருக்கிறது. அவர்கள் தரும் சான்றிதழில் குட்டியின் அப்பா அம்மா, தாத்தா பாட்டி யார் என்று இருக்கும். தேவையான விஷயம்தான், இருந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த நாய்கள் என்ன வேலை செய்தன என்று அதில் ஒரு வரி கூட இருக்காது. பெயருக்கு முன்னால் 'சாம்பியன்' என்று இருந்தால், அது ஷோவில் உயரம், உடல் அமைப்பு, நடை, பல்வரிசை பார்த்துக் கொடுத்த பட்டம்.

இனி அந்தத் தாத்தா காலத்து லைன். நிறத்தை ஒன்றிரண்டு மரபணுக்கள் தீர்மானித்துவிடும். பொறுக்கிச் சேர்த்தால் சீக்கிரம் நிலைநிறுத்திவிடலாம். ஓட்டம், கண், தைரியம், சொன்னால் நிற்பது எல்லாம் எத்தனையோ மரபணுக்கள் சேர்ந்து கொடுப்பவை. ஒவ்வொரு ஈத்திலும், அதாவது ஒவ்வொரு பிரசவத்துக் குட்டிகளிலும், பார்த்துப் பொறுக்கினால் நிற்கும். பொறுக்காமல் விட்டால் சில தலைமுறைகளில் கரைந்துபோகும், உடம்பு மட்டும் அப்படியே இருக்கும். அதனால் தாத்தா நாய் எப்படி ஓடியது என்பது பெரிய தகவலே கிடையாது. தாயும் தகப்பனும் என்ன செய்கின்றன, தாயின் கூடப்பிறந்தவை என்ன செய்கின்றன, போன ஈத்துக் குட்டிகள் எப்படி வளர்ந்திருக்கின்றன என்பதுதான் லைன். ஒரே ஒரு நல்ல நாய் எங்கே வேண்டுமானாலும் பிறக்கும். ஒரு ஈத்தில் பாதிக்கு மேல் நல்லதாக வந்தால் அங்கே பொறுக்குதல் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

வெளிநாட்டில் இதைப் புரிந்துகொண்டு நடத்தியவர்கள் ஆடு மேய்ப்பவர்கள். இன்றைய பார்டர் காலி நாய்களின் மூதாதை என்று சொல்லப்படும் 'ஓல்ட் ஹெம்ப்' 1893-ல் பிறந்தது. குரைக்காமல், கடிக்காமல், பார்வையாலேயே ஆட்டை நகர்த்தும் நாய் அது. அந்த வேலைக்காக மேய்ப்பர்கள் அதைத் தேடித் தேடித் தங்கள் பெட்டைகளோடு சேர்த்தார்கள். 1906-ல் அவர்களுக்கென்று ஒரு சர்வதேசச் சங்கம் உண்டானது. அந்தச் சங்கத்தின் ஒரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும்: வம்சாவளி தெரியாத நாயாக இருந்தாலும், ஆட்டோடு வேலை செய்து காட்டி, உடல்நலச் சோதனையிலும் தேறினால் பதிவேட்டில் சேர்த்துக்கொள்வார்கள். 1995-ல் அமெரிக்கன் கென்னல் கிளப் இந்த இனத்தைத் தன் பட்டியலில் சேர்த்தபோது, மேய்ப்பு நாய் வளர்ப்பவர்கள்தான் கடுமையாக எதிர்த்தார்கள். ஷோவுக்காகப் பொறுக்க ஆரம்பித்தால் வேலை போய்விடும் என்பது அவர்கள் பயம்.

அந்தப் பயம் நியாயமானது என்பதற்கு ஜெர்மன் ஷெப்பர்டைப் பார்த்தால் போதும். 1899-ல் அந்த இனத்தை உருவாக்கிய ஸ்டெஃபனிட்ஸ் அதற்கென்று சங்கம் ஆரம்பித்தபோது வேலைக்குத்தான் முதலிடம் கொடுத்தார். அந்தச் சங்கத்தில் இன்றும் இனப்பெருக்கத்துக்கு முன் இடுப்பு எக்ஸ்ரே, 20 கிலோமீட்டர் ஓட்டச் சோதனை, வேலைத் தேர்வு எல்லாம் உண்டு. இவ்வளவு இருந்தும் ஷோ லைன், வொர்க்கிங் லைன் என்று இனம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. சென்னையில் பெரும்பாலும் கண்ணில் படுவது முதுகு சரிந்த ஷோ லைன்தான்.

நம் நாய்களுக்கு வருவோம். கன்னிக்கும் அதைப் போன்ற இன்னொரு வேட்டை நாயான சிப்பிப்பாறைக்கும் யாரும் தேர்வு வைத்ததில்லை, கரிசல் காடே வைத்தது. முயலைப் பிடிக்காத நாய்க்கு யாரும் மேட்டிங் போட மாட்டார்கள். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தக் காலம் முடிந்தது. சட்டம் சரிதான், அதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். முயல் பிடிக்கும் வீடியோவை அனுப்பி 'லைனுக்கு ஆதாரம்' என்று ஒருவர் சொன்னால், அவர் காட்டுவது குற்றம். அவரிடம் வாங்காதீர்கள். ஆனால் அந்தத் தேர்வு நின்ற இடத்தில் வேறு தேர்வு எதையும் நாம் வைக்கவில்லை. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலை வந்தது, பெருமையாக இருந்தது. அதன் பிறகு ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தேசிய அளவில் அங்கீகரிக்கப்பட்ட இனங்களாகவும் ஆகிவிட்டன. தேவை கூடியது, குட்டிகள் பெருகின, பொறுக்குதல் மட்டும் நடக்கவில்லை. இப்போது உயரத்துக்கும் நிறத்துக்கும்தான் விலை.

என்ன செய்யலாம்? வேட்டையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பார்க்கலாம். எனக்குத் தெரிந்த சிலர் செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் விடியற்காலையில் இதைச் செய்கிறார்கள். பழைய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டயரைக் கழற்றிய ரிம்மில் நைலான் நூலைக் கட்டி, நூலின் மறுமுனையில் ஒரு வெள்ளை கேரி பேக். பெடலைச் சுற்றினால் பை தரையோடு தரையாகப் பறந்து வரும். நடுவில் முளைக்குச்சிகள் அடித்து நூலைத் திருப்பிவிட்டால் பையும் திரும்பும்.

அங்கே வேகத்தைப் பார்க்காதீர்கள், எல்லாக் கன்னியும் வேகமாகத்தான் ஓடும். பை திரும்பும் இடத்தில் நாய் எப்படித் திரும்புகிறது என்று பாருங்கள். பின்கால் சறுக்கி வெளியே போகிறதா, உடம்பை மடித்துக்கொண்டு உள்ளேயே வருகிறதா? பை வேலிக்கருவைப் புதருக்குப் பின்னால் மறைந்ததும் என்ன செய்கிறது? அங்கே நான் பார்த்த ஒரு பெட்டை, பை போன தடத்தையே விட்டுவிட்டது. தலையைத் தூக்கி ஒரு கணம் பார்த்தது, புதரின் மறுபக்கத்துக்குக் குறுக்கே வெட்டிப் போய், பை வெளியே வரும் இடத்தில் முன்னாடியே நின்றது. இதைப் போட்டியாக நடத்தும் நாடுகளில் இப்படிக் குறுக்கே வெட்டினால் மதிப்பெண் குறையும். எனக்கோ அந்த ஒரு கணம்தான் முக்கியம். அந்தப் பெட்டையின் குட்டிக்காக நான் எவ்வளவு காலமும் காத்திருப்பேன்.

ஓடி முடித்ததும் இன்னொன்றைக் கவனியுங்கள்: மூச்சிரைப்பு எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது? நம் வெயிலில் இது ஓட்டத்தைவிடப் பெரிய விஷயம். பிறகு, ஆள் கூப்பிட்டால் வருகிறதா? வேட்டை முடிந்து வராத நாயை எங்கள் ஊரில் யாரும் வைத்துக்கொண்டதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே தைரியம். பயந்த சுபாவம் நன்றாகவே மரபில் இறங்கும். தாய் நாய் புது ஆளைப் பார்த்து மூலையில் ஒண்டினால், விற்பவர் "கன்னி அப்படித்தான், ஓனரைத் தவிர யாரிடமும் போகாது" என்பார். போகாமல் இருப்பது வேறு, நடுங்குவது வேறு. விலகி நின்று உங்களை நேராகப் பார்க்கும் தாய் நல்ல தாய். வாலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு ஒளியும் தாயின் குட்டி, எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ஏழெட்டு வாரக் குட்டிகளுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போடச் சொல்லுங்கள். திடுக்கிட்டு ஓடுவது இயல்பு. திரும்பி வந்து தட்டை மோந்து பார்க்கிற குட்டி எது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ரத்தத்தைப் பற்றி இன்னொரு கவலை எனக்கு உண்டு. இனப்பெருக்கத்துக்கு விடும் ஒரு ஆண் நாயின் (ஸ்டட்) வீடியோ வைரலானால், சுற்றுவட்டாரத்துப் பெட்டைகள் எல்லாம் அதற்கே போகின்றன. மூன்று வருடம் கழித்து எந்தக் குட்டியை எதோடு சேர்த்தாலும் ஒரே தகப்பன். அப்பா மட்டும் ஒன்றான இரண்டு நாய்களைச் சேர்த்தால் குட்டியின் உள்ளினக்கலப்பு (நெருங்கிய சொந்தத்துக்குள் சேர்ப்பதன் அளவு) 12.5 சதவீதம், கூடப்பிறந்தவற்றையே சேர்த்தால் 25. 'லைனைக் காப்பாற்றுகிறோம்' என்று இதையே திரும்பத் திரும்பச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஈத்து சிறுத்துப்போகும், குட்டிகள் தேறாமல் போகும். நல்ல வேலை செய்கிற, காகிதமே இல்லாத கிராமத்து நாயை உள்ளே கொண்டுவருவதில் தப்பே இல்லை. டால்மேஷனுக்கு இருந்த யூரிக் அமிலப் பிரச்சினையைத் தீர்க்க 1973-ல் பாயின்டர் என்ற வேறொரு இன நாயோடு சேர்த்தார்கள். அந்த வம்சத்தை அமெரிக்கன் கென்னல் கிளப் 2011-ல் ஏற்றுக்கொண்டது. டால்மேஷன் டால்மேஷனாகத்தான் இருக்கிறது.

யாராவது உங்களுக்கு ராஜபாளையம் காட்டினால், காது கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். தூய வெள்ளை நாய்களில் உட்காதில் நிறமி செல்கள் இல்லாமல் போய், பிறந்த சில வாரங்களிலேயே செவிடாகிவிடுவது உண்டு. தூங்கும் குட்டிக்குப் பின்னால், தரை அதிராமல் ஒலி எழுப்பிப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும் என்பதால், பெற்றோர் இரண்டுக்கும் காது கேட்கிறதா என்றும் விசாரியுங்கள்.

உங்கள் தோட்டத்துக்கு என் பதில்: வாரத்துக்கு ஒருமுறை மட்டும் போகிற இடத்தில் கன்னியைத் தனியாக விடாதீர்கள். அது காவலுக்கு மட்டும் என்று வந்த இனம் இல்லை. பக்கத்துக் கொல்லைக் கோழியையும் ஆட்டுக்குட்டியையும் துரத்தும், அந்தத் துரத்தலைத்தான் இத்தனை காலம் பொறுக்கி எடுத்திருக்கிறோம். அங்கேயே ஆள் குடியிருந்து, ஆறடி வேலியும் இருந்தால் வாங்கலாம். காவல்தான் முக்கியம் என்றால் நல்ல ராஜபாளையமோ கோம்பையோ பாருங்கள்.

கன்னிதான் என்று முடிவு செய்தால், அந்த இரண்டு பேரிடமும் ஒரே விஷயத்தைக் கேளுங்கள்: தாயை ஒருநாள் காலையில் திறந்தவெளியில் பார்க்க வேண்டும், போன ஈத்துக் குட்டி வாங்கியவர்கள் இரண்டு பேரின் நம்பர் வேண்டும், எட்டு வாரத்துக்கு முன் குட்டியை எடுக்க மாட்டேன். எட்டு வாரம் என்பது சட்டமே சொல்வது. சம்மதிப்பவரிடம் வாங்குங்கள், பேப்பர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். வாங்கிய வாரமே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டிவிடுங்கள்.