வெளிமாநிலத் தொழிலாளர் வருகையை எதிர்ப்பது எப்போது வெறுப்பாகிறது?

கூலி குறைகிறது, வாடகை ஏறுகிறது என்று திருப்பூர்க்காரர் ஒருவர் கவலைப்பட்டால் அது நியாயமான விவாதம். ‘வடக்கன் எல்லாம் திருடன்’ என்றால் வெறுப்பு. அடித்து விரட்டணும் என்றால் தீவிரவாதம். பனியன் பண்டலில் ஒரு பீஸ் தையல் விட்டிருந்தால் அதைத்தான் ஒதுக்குவோம், பண்டலையே கொளுத்துவதில்லை.

கூலியை முடிவு செய்வது முதலாளி. ஆனால் அவரிடம் கோபப்படுவதைவிட, பக்கத்து லைன் வீட்டில் இந்தி பேசுபவரிடம் கோபப்படுவது சுலபம். அப்புறம் வதந்தி வேறு. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவி, பீகார் அரசுக் குழுவே திருப்பூர் வந்து விசாரித்தது.

இவர்கள் சட்டவிரோதமாக வந்தவர்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, இந்தியக் குடிமக்கள் நாட்டில் எங்கும் வசிக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு.