அட்லாண்டிக்கின் இரு கரைகளில் வேலை: கேள்வி பதில்

அமெரிக்க–ஜெர்மானிய மாணவர் பரிமாற்றத் திட்டங்களில் வேலை பார்த்தவன் என்பதால் வந்த கேள்விகள் இவை.

கேள்வி: நான் வரலாறு படித்தவன். அரசியல் பட்டம் கட்டாயமா?

பதில்: இல்லை. ஜெர்மன் மொழிதான் கட்டாயம் என்பேன். பெர்லின் கருத்தரங்கு ஆங்கிலத்தில் நடக்கும். சிற்றூரில் மாணவனைத் தங்கவைத்திருக்கும் வீட்டுக்காரம்மா ஜெர்மனில்தான் கோபப்படுவார்.

கேள்வி: அன்றாட வேலை என்ன? தூதர்களோடு விருந்தா?

பதில்: விருந்து உண்டு, நாற்காலி போடுவது நீங்கள். மற்ற நேரமெல்லாம் காப்பீடு, விசா, பஞ்சாயத்து. பரிமாற்றத் திட்டங்களுக்கான ஜே-1 விசாவில் அமெரிக்கா வந்தவர் இடையில் ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டுமானால், அந்த விசாவுக்கு அடிப்படையான டி.எஸ்.2019 படிவத்தில் திட்டப் பொறுப்பதிகாரியின் பயணக் கையெழுத்து செல்லுபடியாக இருக்க வேண்டும். கிறிஸ்துமஸ் நெருங்கும்போதுதான் பலருக்கு அது நினைவுக்கு வரும். அதே நேரம் "பையன் அறையை விட்டு வெளியே வருவதே இல்லை" என்று ஒரு குடும்பம் அழைக்கும். அவனைக் கேட்டால், வீட்டில் யாரும் தன்னோடு பேசுவதில்லை என்பான். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கும். இதைத் தீர்க்கத் தெரிந்தவரே இத்துறையில் நிலைப்பார்.

கேள்வி: இதற்கெல்லாம் பணம் யார் தருகிறார்கள்?

பதில்: பெரும்பாலும் அரசுகள். 1946இல் தொடங்கிய, அமெரிக்க அரசின் கல்விப் பரிமாற்றத் திட்டமான ஃபுல்பிரைட் திட்டத்துக்கு முதல் பணம், போர் முடிந்து வெளிநாடுகளில் மிஞ்சிக் கிடந்த அமெரிக்கத் தளவாடங்களை விற்றதில் வந்தது. செனட்டர் ஃபுல்பிரைட்டின் சாமர்த்தியம் அது. 1972இல் மேற்கு ஜெர்மனியின் சான்சலர் வில்லி பிராண்ட் ஹார்வர்டுக்கு வந்து, போருக்குப் பின் ஐரோப்பாவை மீட்க அமெரிக்கா தந்த மார்ஷல் உதவிக்கு நன்றியாக, இரு கரைகளின் உறவை வளர்க்கும் ஜெர்மன் மார்ஷல் நிதியத்தை அறிவித்தார். 1983இல் இரு நாடாளுமன்றங்களும் சேர்ந்து பள்ளி மாணவர்களுக்கும் இளம் பணியாளர்களுக்கும் ஒரு திட்டம் தொடங்கின. ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரிலிருந்து ஜெர்மானியர் அமெரிக்காவில் குடியேறி 300 ஆண்டுகள் ஆனதை ஒட்டி. நாடாளுமன்றப் பணம் என்றால் பட்ஜெட் காலத்தில் உங்களுக்குத் தூக்கம் இருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சம்பளம்?

பதில்: குடும்பம் நடத்தலாம். அதற்கு மேல் ஆசை வேண்டாம்.

கேள்வி: திட்டத்தில் போய் அமெரிக்காவிலேயே தங்கிவிடலாமா?

பதில்: அரசு நிதியில் போகும் பலருக்கு ஈராண்டு விதி உண்டு. இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் கழிக்காமல், விலக்கும் பெறாமல், எச்-1பி விசாவோ கிரீன் கார்டோ கிடைக்காது. கையெழுத்திடும் முன் படியுங்கள்.

கேள்வி: இந்தியர்களுக்கு வழி உண்டா?

பதில்: உண்டு. ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை தரும் ஜெர்மன் சான்சலர் ஃபெலோஷிப்பில் அமெரிக்கர்களோடு இந்தியர்களும் சேரலாம். பட்டமும், நீங்களே வகுத்த திட்டமும், அதை ஏற்றுக்கொள்ளும் ஜெர்மன் வழிகாட்டியும் வேண்டும். வழிகாட்டியைத் தேடும் வேலையை முதலில் தொடங்குங்கள்.