துருக்கியில் எதைச் சாப்பிடலாம், எதைக் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும்?

கேள்வி: அக்டோபரில் இஸ்தான்புல், கப்படோக்கியா, காஸியான்டெப் ஆகிய மூன்று ஊர்களுக்கும் குடும்பத்தோடு போகிறோம். மாமியார் முட்டைகூடத் தொடாத சைவம். நாங்கள் அசைவம்தான், ஆனால் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. துருக்கியின் பாரம்பரிய உணவிலும் பானத்திலும் எதைத் தவறவிடக் கூடாது? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: உங்கள் மாமியார் ரொட்டியும் பழமும் தின்று நாளைக் கடத்த வேண்டியதில்லை. ஆலிவ் எண்ணெயில் காய்கறி சமைப்பதில் துருக்கியர்கள் கைதேர்ந்தவர்கள். கவனிக்க வேண்டியது வேறொன்று. பார்வைக்குச் சுத்த சைவமாகத் தெரியும் சூப்பிலும் சோற்றிலும் இறைச்சி வேகவைத்த சாறு இருக்கலாம். பெயரில் 'கெபாப்' என்று மட்டும் இருந்தால் அது ஆடா மாடா என்று தெரியாது. அதனால் உணவின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, கேட்கத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

கேள்வி எப்போதும் ஒன்றுதான்: '... வார் மு?' இருக்கிறதா என்று அர்த்தம். 'மு'வை 'அது' என்பதில் கடைசி உகரம் ஒலிப்பதுபோல் இதழ் குவிக்காமல் சொன்னால் சரியாக வரும். முன்னால் சேர்க்க வேண்டிய சொற்கள் நான்கு: எத் சுயு (இறைச்சிச் சாறு), தாவுக் சுயு (கோழிச் சாறு), யுமுர்தா (முட்டை), தானா (மாட்டிறைச்சி). 'வார்' என்றால் இருக்கிறது, 'யோக்' என்றால் இல்லை. பலர் வாயைத் திறந்து சொல்லவே மாட்டார்கள். புருவத்தை உயர்த்தி, தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, நாக்கால் 'ச்' கொட்டுவார்கள். அலுத்துக்கொள்கிறார் என்று நினைக்காதீர்கள், 'இல்லை' என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார். மாமியாரைக் காட்டி, 'எத், தாவுக், பாலிக் யெமியோர்' என்று மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள். இறைச்சி சாப்பிடமாட்டார் என்று மட்டும் சொன்னால் கோழியோ மீனோ வந்துவிடும். அங்கே 'எத்' என்பதில் பெரும்பாலும் அவை சேர்த்தி இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு எஸ்னாஃப் லொகாந்தா என்ற வகைக் கடைகளைத் தேடுங்கள். கடைத்தெரு வியாபாரிகளும் தொழிலாளிகளும் சாப்பிடும் இடம். அன்றைக்குச் சமைத்தது எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் தட்டு தட்டாக இருக்கும். கையைக் காட்டிக் கேட்டு வாங்கலாம். பன்னிரண்டிலிருந்து ஒரு மணிக்குள் போய்விடுங்கள். மூன்று மணிக்குப் போனால் நல்லதெல்லாம் தீர்ந்து, சுண்டிப்போனதுதான் மிஞ்சியிருக்கும்.

அங்கே மாமியாருக்கு ஏற்றது ஸெய்தின்யாலு வகை: ஆலிவ் எண்ணெயில் சமைத்து, ஆறவிட்டுப் பரிமாறுவது. பச்சை பீன்ஸ், பார்புன்யா என்ற புள்ளி பீன்ஸ், கூனைப்பூ, வெங்காயமும் தக்காளியும் பூண்டும் அடைத்த கத்தரிக்காயான இமாம் பாயில்து எல்லாம் இதில் அடக்கம். ஆறியிருக்கிறதே என்று சுடவைத்துத் தரச் சொல்லாதீர்கள். ஆறியபின் சுவை ஊறட்டும் என்றுதான் அதை அப்படிச் செய்கிறார்கள். இமாம் பாயில்துவுக்கு அருகிலேயே அதே உருவத்தில் கார்னியாரிக் இருக்கும். அதற்குள் கொத்துக்கறி. சுடச்சுட இருந்தால் பெரும்பாலும் கறி அடைத்தது என்று எடுத்துக்கொள்ளலாம். திராட்சை இலைச் சுருளும் இப்படித்தான். ஆறிய சுருளில் அரிசி, பைன் விதை, சிறு உலர்திராட்சை இருக்கும். தயிரோடு சூடாக வருவதில் கறி இருக்கும்.

மைசூர்ப் பருப்பில் செய்யும் மெர்ஜிமெக் சோர்பா நாடெங்கும் கிடைக்கும். எலுமிச்சை பிழிந்து, புல் பிபெர் என்ற மிளகாய்ச் செதில் தூவினால் நம் நாக்குக்கு ரொம்பப் பிடிக்கும். 'எத் சுயு வார் மு?' என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டியது இங்கேதான். பிலாவ் சோற்றுக்குக் கோழிச் சாறு பற்றிக் கேளுங்கள். கூரு ஃபசூல்யே என்ற வெள்ளை பீன்ஸ் குழம்பில் கறித்துண்டு போடுவது சகஜம்.

தெருவில் மாமியாருக்குக் கவலையில்லாதது சிமித். திராட்சைப் பாகு கலந்த நீரில் முக்கி, எள்ளில் புரட்டிச் சுட்ட வளையம். வழக்கமான செய்முறையில் முட்டையும் பாலும் கிடையாது. அதே வண்டியில் பளபளவென்று இருக்கும் பொவாச்சா பன்னின் பளபளப்பு முட்டை மஞ்சளால் வருவது. இன்னொன்று ச்சீ கொஃப்தே. முதலில் பச்சை இறைச்சியைப் பிசைந்து செய்தது இது. இப்போது கடைகளில் விற்பது கறி இல்லாதது: கோதுமை ரவை, தக்காளி-மிளகாய் விழுது, ஊர்ஃபா ஊரின் கருத்த இசோத் மிளகாய், கீரை இலை, மாதுளைப் புளிப்பு. இந்தப் பயணத்தில் உங்கள் வீட்டார் எல்லோருக்கும் காரம் போதும் என்று தோன்றப்போவது அநேகமாக இது ஒன்றில்தான். வீடுகளிலோ விருந்திலோ கொடுத்தால் மட்டும் 'எத்சிஸ்', அதாவது கறி இல்லாததுதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காலை உணவில் சீஸ், ஆலிவ், தக்காளி, வெள்ளரி, தேன், கய்மாக் என்ற கெட்டிப் பாலாடை, பழப்பாகு என்று மேசை நிறைந்துவிடும். மெனெமென் முட்டை உணவு. சுஜுக் பெரும்பாலும் மாட்டிறைச்சித் தொத்திறைச்சி. சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைநொதி சேர்ந்திருக்கக்கூடும். மாமியாருக்கு அது ஆகாதென்றால் கய்மாக்கும் தேனும் போதும், அதுவே அமிர்தமாக இருக்கும்.

இனி உங்கள் பங்கு. 'குஸு' ஆட்டுக்குட்டி, 'தானா' இளமாடு, 'தாவுக்' கோழி. தோனெர் என்பது செங்குத்துக் கம்பியில் அடுக்கிச் சுட்டு, மெல்லிதாகச் சீவித் தரும் கறி. பெயர்ப்பலகையில் 'எத் தோனெர்' என்று மட்டும் இருந்தால் அதில் மாடு இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பல கடைகளில் மாடும் ஆடும் கலந்தே அடுக்குவார்கள். புர்சாவின் புகழ்பெற்ற இஸ்கெந்தெர் கெபாப்பும் தோனெர்தான், ஆகவே அதை விட்டுவிடுங்கள். கொஃப்தே உருண்டைகளும் பெரும்பாலும் மாடு. உங்களுக்கு ஏற்றது அதானா கெபாப். ஆட்டுக்கறியையும் வால்கொழுப்பையும் ஸிர்ஹ் என்ற வளைந்த பெரிய கத்தியால் கையாலேயே கொத்தி, சிவப்பு மிளகாய் சேர்த்து, அகலக் கம்பியில் பிடித்துக் கரியில் சுடுவது. இயந்திரத்தில் அரைத்தால் கொழுப்பு உருகிக் கறி பசையாகிவிடும். கத்தியில் கொத்தியதைக் கடிக்கும்போது கறித்துணுக்கு தனித்தனியாகத் தெரியும். மலிவான கடைகளில் மாடு கலப்பதுண்டு, 'தானா வார் மு?' என்று கேட்டே வாங்குங்கள். காரம் வேண்டாதவர்களுக்கு ஊர்ஃபா கெபாப். காஸியான்டெப்பில் லஹ்மாஜுனும், அதாவது கொத்துக்கறி பரப்பிச் சுட்ட மெல்லிய ரொட்டியும் சாப்பிடுங்கள். அங்கே அதில் பூண்டு போடுவார்கள், ஊர்ஃபாவில் வெங்காயம். பார்ஸ்லி வைத்து, எலுமிச்சை பிழிந்து, சுருட்டிக் கையால் தின்ன வேண்டும்.

இஸ்தான்புல்லில் எமினோனு பாலத்தருகே விற்கும் மீன் ரொட்டியைப் பலரும் தேடிப்போவார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் இறக்குமதியான உறைந்த கானாங்கெளுத்தி. அக்டோபரில் போகும் நீங்கள் அதற்குப் பதிலாகப் பாலாமுத் மீனைக் கேளுங்கள். பெரிய வலைகளுக்கான தடை செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கும், இலையுதிர்காலம்தான் அந்த மீனுக்குப் பருவம். மீன் உணவகங்களில் கிலோ கணக்கில் விலை இருக்கும். மீனை எடைபோட்டு, விலையைக் கேட்டபின்பே சமைக்கச் சொல்லுங்கள். சோறு அடைத்த சிப்பியான மித்யே தோல்மாவை வெயிலில் நிற்கும் தட்டில் வாங்க வேண்டாம். குளிர்பெட்டி வைத்து, வேகமாக விற்றுத்தீரும் கடையில் மட்டும்.

கப்படோக்கியாவில் மண்குடத்தை உடைத்துப் பரிமாறும் தெஸ்தி கெபாப். மணிக்கணக்கில் அடுப்பில் இருக்க வேண்டியது என்பதால் காலையிலேயே சொல்லிவைப்பது நல்லது. அப்போதே குஸு ஒன்று, காய்கறி மட்டும் போட்டது ஒன்று என்று பிரித்துக் கேட்கலாம்.

இனிப்பில்தான் சைவர்கள் ஏமாறுவது அதிகம். தாவுக் கோசு என்ற வெண்மையான பால் இனிப்பில் நார் நாராகப் பிரித்த கோழி நெஞ்சுக்கறி இருக்கிறது. அடிப்புறம் கருகலாகச் சுட்ட கஸான்திபியும் பழைய முறையில் அதே மாவில் செய்வதுதான். இன்று பல கடைகளில் கோழி சேர்ப்பதில்லை, ஆனாலும் கேட்காமல் எடுக்காதீர்கள். மெல்லிய மாவடுக்குகளுக்கு நடுவே பிஸ்தா வைத்துச் சுட்டுப் பாகு ஊற்றும் காஸியான்டெப் பக்லவா 2013இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டுப் பதிவு பெற்றது. துருக்கியிலிருந்து அதைப் பெற்ற முதல் பொருள் அதுதான். ஆனால் அதன் மாவைப் பெரும்பாலும் முட்டை சேர்த்தே பிசைகிறார்கள், மாமியாருக்கு ஆகாது. சீஸ் ஆகுமென்றால் அவருக்குக் கூனெஃபே வாங்கிக் கொடுங்கள். மாவும் நீரும் மட்டும் சேர்ந்த கதாயிஃப் இழைகளுக்கு நடுவே உப்பில்லாத சீஸ் வைத்து, வெண்ணெயில் முறுக விட்டு, பாகு ஊற்றுவது. வந்த ஐந்து நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். ஆறினால் சீஸ் ரப்பராகிவிடும்.

நல்ல பக்லவாவுக்கு அடையாளங்கள் உண்டு. முள்கரண்டியை இறக்கும்போது மேலடுக்கு சரசரக்க வேண்டும். உள்ளே பிஸ்தா பளிச்சென்ற பச்சையாக இருக்க வேண்டும், முற்றுவதற்கு முன்பே பறித்த பருப்புக்குத்தான் அந்த நிறம். நெய் வாசனை வர வேண்டும். தட்டில் பாகு குளமாகத் தேங்கியிருந்தால் வேறு கடை பாருங்கள்.

குடிப்பதற்கு எங்கும் தேநீர்தான். இரண்டடுக்குக் கெண்டியின் மேல்பாத்திரத்தில் கால்மணி நேரம் ஊறிய கெட்டி டிக்காஷனில் கீழ்ப்பாத்திரத்து வெந்நீரை விளாவித் தருவார்கள். பால் கிடையாது. 'ஆச்சிக்' என்றால் இளசாக, 'தெம்லி' என்றால் கடுப்பாக. காபிக்கு ஆர்டர் செய்யும்போதே சர்க்கரையைச் சொல்லிவிட வேண்டும், தூளோடு சேர்த்தே கொதிக்கவைக்கிறார்கள்: சாதே (சர்க்கரை இல்லாமல்), ஓர்தா (மிதமாக), ஷெக்கெர்லி (இனிப்பாக). வந்ததும் கலக்காதீர்கள். இரண்டு நிமிடம் மண்டி படிய விட்டு, கூட வரும் தண்ணீரை முதலில் குடித்துவிட்டுப் பருகுங்கள். கடைசி விரல்கடை மண்டியை விட்டுவிடுங்கள். வீட்டில் செய்ய விரும்பினால் ஒரு சிறு கோப்பை (சுமார் 70 மில்லி) குளிர்ந்த நீருக்கு 7 கிராம் தூள், சிறு தீ. தீ கூடினால் நுரை அமுங்கிக் கசக்கும். நம் ஃபில்டர் காபித் தூள் இதற்கு ஆகாது. அரைப்பு பருமனாக இருக்கும், சிக்கரியும் கலந்திருக்கும்.

அய்ரான் நம் உப்பு மோர்தான், பெருங்காயம் கறிவேப்பிலை இல்லாமல். லஸ்ஸி என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். கருங்கேரட்டை நொதிக்கவிட்டுச் செய்யும் ஷல்காம் புளிப்பும் உப்புமாகக் கெபாப்புக்குக் கச்சிதமான துணை, 'ஆஜுலு' என்றால் காரத்தோடு தருவார்கள். இஸ்தான்புல் வெஃபா பகுதியில் 1876 முதல் இருக்கும் கடையில் போஸா குடிக்கலாம். தானியத்தை நொதிக்கவைத்துச் செய்வதால் அதில் சிறிதளவு மது உண்டு. பட்டைத்தூளும் வறுத்த கொண்டைக்கடலையும் தூவிக் கரண்டியால் சாப்பிட வேண்டும். சோம்பு மணக்கும் ராக்கு என்ற மதுவைக் குடிப்பவர்கள் முதலில் தண்ணீர், பிறகே ஐஸ் என்ற வரிசையை மாற்றக் கூடாது. ஐஸை நேரே போட்டால் சோம்பு எண்ணெய் படிகமாகத் திரிந்துவிடும். சாதாரண தாகத்துக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், பாட்டில் வாங்குங்கள்.

ஊருக்குக் கொண்டுவர பிஸ்தா போட்ட லோகும் (டர்கிஷ் டிலைட்) வாங்கலாம். பாரம்பரிய முறையில் ஸ்டார்ச்சும் சர்க்கரையும்தான், ஜெலட்டின் இல்லை. பெட்டியில் 'ஜெலாத்தின்' என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பக்லவாவைக் கடைசி நாள் வாங்கி, வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜில் வைக்காமல் வெளியிலேயே மூடிவைத்துச் சில நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள். குளிரில் நெய் உறைந்து மொறுமொறுப்பு போய்விடும்.