டொம்லூர் வாசல்காலும் நந்தினி கேள்விகளும்

பெங்களூர் ஞாயிறு வாசகர் வட்டத்தில், கேட்டவரின் ஏரியா பெயரோடு வந்த சீட்டுகளும் என் பதில்களும்.

இந்திராநகர்: ஐயா, சோழர் வரலாற்றை எதில் தொடங்கலாம்?
நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’. 1930களில் ஆங்கிலத்தில் வந்தது, தமிழிலும் உண்டு. அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள், சரக்கே அங்கேதான்.

மாரத்தஹள்ளி: நந்தினி உண்மையா?
இல்லை. ‘பொன்னியின் செல்வன்’ நாவலுக்காகக் கல்கி செய்த கற்பனை.

அல்சூர்: தமிழர்கள் கண்டோன்மென்ட்டோடுதான் பெங்களூர் வந்தார்கள் என்கிறார்கள் ஆபீஸில். காட்ட ஏதாவது புத்தகம்?
பிரிட்டிஷ் ராணுவக் குடியிருப்பான கண்டோன்மென்ட் வந்தது 1809. அதோடு வந்தவர்கள் ஏராளம், மறுக்க முடியாது. ஆனால் டொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1270ஐ ஒட்டிய ஒன்று, அழகியார் என்பவர் வாசலுக்கு இரண்டு நிலைக்கால்கள் கொடுத்ததைச் சொல்கிறது. ராஜா இல்லை, போர் இல்லை, வாசல்கால் கொடுத்த ஒரு மனிதர்! எனக்கு இந்த மாதிரிக் கல்வெட்டுதான் பிடிக்கும். புத்தகம் என்றால் பி.எல்.ரைஸ் தொகுத்த கல்வெட்டுத் தொகுப்பு ‘எபிகிராபியா கர்னாடிகா’, 9ஆம் தொகுதி, 1905. பெங்களூர் மாவட்டம் முழுக்க அதில்தான். தாலுகா வாரியாக எண் போட்டிருக்கிறார். எண்ணைக் குறித்துக்கொண்டால் மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சுலபமாகப் பிடிக்கலாம். கோலாருக்கு 10ஆம் தொகுதி.
வாட்ஸாப் படத்தை மட்டும் காட்டிவிடாதீர்கள். கல்வெட்டு எண் இல்லையென்றால் அது கதை.

ஜெயநகர்: அப்போ பெங்களூர் நம்ம ஊர்தானே?
இதற்கா படிக்கிறீர்கள்? பேகூர் நாகேசுவரர் கோயிலுக்கும் போய் வாருங்கள். 890ஐ ஒட்டிய கல், பழங்கன்னடத்தில் ‘பெங்களூர்ப் போர்’ என்கிறது. ஹொய்சள அரசன் வீர பல்லாளனுக்குக் கிழவி வெந்த பயறு கொடுத்ததால் வந்த பெயர் என்பார்களே, அந்த பல்லாளன் பிறக்கும் முன்பே பெயர் இருந்திருக்கிறது.

மறுபடி அல்சூர்: பேகூரை ஏன் ஐயா சொன்னீர்கள்? ஆபீஸ்காரர்களுக்கு வாய்ப்புக் கொடுத்த மாதிரி ஆகாதா?
கல்லில் இருக்கிறது, சொன்னேன். பேகூர் தெரியாமல் டொம்லூரை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் உங்களைத்தான் மடக்குவார்கள்.

ஒயிட்ஃபீல்ட்: சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது நந்தினியா?
மாரத்தஹள்ளியைப் பார்க்கவும். உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர் சொல்லித் துரோகிகள் என்கிறது. ‘எபிகிராபியா இண்டிகா’ 21ஆம் தொகுதியில் இருக்கிறது. தூண்டியது யார் என்று கல் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன்.

கே.ஆர்.புரம்: எல்லாவற்றுக்கும் பிடிஎஃப் அனுப்புவீர்களா?
ரைஸ் தொகுதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசம். சாஸ்திரியைக் காசு கொடுத்து வாங்குங்கள்.

ஹெப்பால்: நந்தினி...
அடுத்த சீட்டு.

சிவாஜிநகர்: டொம்லூர் போனேன், எழுத்தே தெரியவில்லை.
டார்ச்சை நேராக அடித்திருப்பீர்கள். பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். அப்புறம், சுண்ணாம்பு, மாவு எதையும் கல்லில் தேய்க்காதீர்கள்.