ராத்திரி இரண்டு மணிக்கு விசுவாசம் எங்கே போகிறது?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 34. மனைவி, மூன்று வயதில் ஒரு மகள். சபையில் வாலிபர் கூட்டத்தை நடத்துகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் அப்பா தூக்கத்திலேயே மாரடைப்பில் இறந்துபோனார். அன்றிலிருந்து ராத்திரி இரண்டு மணி வாக்கில் விழிப்பு வந்துவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, இதோ சாகப்போகிறேன் என்று தோன்றுகிறது. அதிலிருந்து தப்பிக்கப் போனை எடுப்பேன். முதலில் செய்தி, அப்புறம் ஏதாவது வீடியோ, கடைசியில் பார்க்கக் கூடாததைப் பார்த்துக்கொண்டிருப்பேன். விடிந்தால் என்மேலேயே வெறுப்பு. 'விசுவாசம் இருக்கிற இடத்தில் பயம் இருக்காது' என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டதிலிருந்து, எனக்கு விசுவாசமே கிடையாதோ என்று இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. உபவாசம் இருந்தும் பார்த்துவிட்டேன். விசுவாசத்தை எப்படி வளர்ப்பது? மனைவியிடம் சொல்லத்தான் வேண்டுமா? வாலிபர் கூட்டத்தை விட்டுவிடட்டுமா? பெயர் வேண்டாம்.

பதில்: அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டிப் போக எனக்கு வெகுநேரம் பிடித்தது. "அதிலிருந்து தப்பிக்கப் போனை எடுப்பேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். போகிற போக்கில் எழுதிய வரிதான். ஆனால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது.

பயம் ஒரு பிரச்சினை, இச்சை இன்னொரு பிரச்சினை என்று நீங்கள் பிரித்து வைத்திருக்கிறீர்கள். எனக்கு அவை ஒரே வீட்டின் முன்வாசலும் பின்வாசலுமாகத் தெரிகின்றன. முன்வாசலில் மரணபயம் வந்து தட்டுகிறது. நீங்கள் பின்வாசல் வழியாக ஓடுகிறீர்கள். ஓடிப்போய் ஒளிகிற இடம் அந்தப் போன் திரை. உபவாசம் இருந்து பின்வாசலைப் பூட்டிப் பார்த்தீர்கள், சரி. முன்வாசலில் தட்டுகிறவன் போகவில்லையே.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. எபிரெயர் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். "ஜீவகாலமெல்லாம் மரணபயத்தினாலே அடிமைத்தனத்திற்குள்ளானவர்கள்" என்று அங்கே ஒரு கூட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறது. மரணபயம் மனிதனை அடிமையாக்கும் என்று அந்த நிருபத்தை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆபிரகாம் எகிப்தில் தன் மனைவியைத் தங்கை என்று சொல்லச் சொன்னது எதனால்? தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்ற பயத்தால். பேதுரு ஒரு வேலைக்காரிக்கு முன்னால் ஆண்டவரைத் தெரியாது என்று சொன்னதும் அப்படித்தான். பாவம் என்று நாம் பட்டியல் போடுகிறவற்றில் பலவற்றுக்குப் பின்னால், நடுங்கிப்போன ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான்.

நம் தமிழிலேயே இதற்கு ஒரு குறிப்பு கிடக்கிறது. கஷ்டம் வந்தாலும் 'என்ன சோதனை இது' என்கிறோம். தப்பு செய்யத் தூண்டுகிற ஆசைக்கும் நம் வேதாகமத்தில் சோதனை என்றுதான் பெயர். புதிய ஏற்பாட்டின் கிரேக்க வார்த்தையும் அப்படியே இரண்டையும் சேர்த்துச் சுமக்கிறது. உங்கள் ராத்திரியில் இரண்டு சோதனையும் ஒன்றாகத்தான் வருகின்றன. ஆகவே மருந்தையும் ஒன்றாகவே பார்ப்போம்.

மருந்து என்றதும் முதலில் நிஜமான மருந்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மருத்துவரைப் பாருங்கள். இந்த வாரமே. அப்பா மாரடைப்பில் போயிருக்கிறார் என்பதால் உங்கள் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. இதயத்தில் ஒன்றும் இல்லை என்றால், நீங்கள் சொல்கிற படபடப்பும் வியர்வையும் 'இதோ செத்தேன்' என்ற எண்ணமும் திடீர்ப் பதற்றத்தாலும் வரக்கூடியவை. அதற்கும் சிகிச்சை இருக்கிறது, மனநல மருத்துவரிடம் போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மாத்திரை எடுத்தால் விசுவாசம் குறைவு என்று யாராவது சொன்னால், பவுல் தன்னோடிருந்த லூக்காவைப் 'பிரியமான வைத்தியன்' என்றுதான் எழுதினார் என்று சொல்லுங்கள். அப்பாவுக்காக நீங்கள் மனம்விட்டு அழுதீர்களா என்றும் தெரியவில்லை. கடிதத்தில் அப்பாவின் மரணத்துக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் ஒதுக்கியிருக்கிறீர்கள்.

அடுத்து அந்தப் பிரசங்க வாக்கியம். சொன்னவர் நல்ல எண்ணத்தில் சொல்லியிருப்பார். ஆனால் அது சரியில்லை. தாவீதின் சங்கீதம் ஒன்று, "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறது. பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே ஆளுக்குள், ஒரே வரியில் இருக்கின்றன. பயம் போன பிறகு நம்புவேன் என்று அவர் காத்திருக்கவில்லை. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவரே வியாகுலப்பட்டார். அவருக்கு விசுவாசம் இல்லை என்று யார் சொல்வார்கள்?

இன்னொன்று. வேதத்தில் 'பயப்படாதே' என்பது வருஷத்துக்கு நாளுக்கு ஒன்றாக 365 தடவை வருகிறது என்று மேடைகளில் சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கும், எண்ணிப் பார்த்தால் கணக்கு வராது. எத்தனை தடவை என்பதைவிட, யாரிடம் சொல்லப்பட்டது என்று பாருங்கள். சகரியா, மரியாள், வயல்வெளி மேய்ப்பர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் தேவதூதன் முன்னால் கலங்கி நின்றவர்கள். ராத்திரியில் அலறி எழுந்த உங்கள் மகளிடம் நீங்கள் 'பயப்படாதேம்மா' என்கிறபோது அவளைக் குற்றம் சொல்கிறீர்களா? அதே தொனியில் அந்த வார்த்தையைக் கேளுங்கள்.

சரி, விசுவாசத்தை வளர்ப்பது எப்படி என்று கேட்டீர்கள். சீஷர்களும் இதே கேள்வியைக் கேட்டார்கள், லூக்கா 17ஆம் அதிகாரத்தில். எங்கள் விசுவாசத்தை அதிகமாக்கும் என்று கேட்டவர்களுக்கு, கடுகுவிதையளவு இருந்தாலே போதும் என்கிற மாதிரி ஆண்டவர் பேசினார். அளவு கேட்டவர்களுக்கு அளவே பிரச்சினை இல்லை என்பது போல ஒரு பதில். உடனே அடுத்து, பகலெல்லாம் உழுதுவிட்டு வந்து சாயங்காலம் எஜமானுக்குச் சாப்பாடு பரிமாறுகிற வேலைக்காரனைப் பற்றிப் பேசுகிறார். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று நான் பல வருடம் குழம்பியிருக்கிறேன். இப்போது ஒரு மாதிரி புரிகிறது. விசுவாசம் அன்றாட வேலையில் வளர்கிறது, யாரும் பார்க்காத, பெரிதாக ஒன்றும் தோன்றாத வேலையில்.

அதனால் உங்களுக்கு என் முதல் யோசனை: ராத்திரி இரண்டு மணிக்கு விசுவாசத்தை வளர்க்கப் பார்க்காதீர்கள். அது போர் நடக்கிற நேரம். பயிற்சி பகலில்.

வனாந்தரத்தில் இயேசு சோதிக்கப்பட்ட கதையை நீங்கள் வாலிபர்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருப்பீர்கள். பிசாசுக்கு அவர் சொன்ன மூன்று பதிலும் உபாகமத்திலிருந்து வந்தவை, 6ஆம் 8ஆம் அதிகாரங்களிலிருந்து. பிசாசும் சங்கீதம் 91-ஐ எடுத்துச் சொன்னான் என்பதைக் கவனியுங்கள். வசனம் தெரிந்தால் மட்டும் போதாது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். நாற்பது நாள் பசியில் கிடந்தவர் அந்த நேரத்தில் சுருளைத் தேடிப் புரட்டவில்லை. ஏற்கெனவே உள்ளே ஊறியிருந்தது வெளியே வந்தது. சோதனை எப்போது வந்தது பாருங்கள்: பசித்திருந்தபோது. தூக்கமில்லாத உடம்போடு உபவாசமும் இருந்தால் ராத்திரி என்ன ஆகும்? கொஞ்ச நாளைக்கு உபவாசத்தை நிறுத்தி வையுங்கள். எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும், சாகவேண்டும் என்றபோது தேவதூதன் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் தூங்க விட்டான். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. ஓரேப் மலையில் ஆண்டவரின் மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் நாற்பது நாள் கழித்து.

பகலில் ஒரு சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றே ஒன்று. மாதம் முழுக்க அதுவே இருக்கட்டும். வேலைக்குப் போகும்போதும் மகளுக்குச் சோறு ஊட்டும்போதும் சொல்லிப் பழகுங்கள், சத்தமாக. ஒரு முறை என் பையன் ஆஸ்பத்திரியில் கிடந்த ராத்திரி எனக்கு ஜெபமே வரவில்லை. பிரசங்கம் பண்ணியே பிழைத்த வாய்க்கு ஒரு சொந்த வார்த்தை கிடைக்கவில்லை. சின்ன வயதில் மனப்பாடமான 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' மட்டும் வந்தது. அதிலும் இரண்டாவது வரிக்கு மேல் போக முடியவில்லை. அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டுதான் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ராத்திரி விழிப்பு வந்தால் என்ன செய்வது? 'ஆண்டவரே, பயமாக இருக்கிறது' என்று சொல்லுங்கள். அதற்குமேல் அலங்காரம் வேண்டாம். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுத தகப்பனின் மகனை இயேசு குணமாக்கினார், முதலில் உன் அவிசுவாசத்தைச் சரிசெய்துவிட்டு வா என்று அனுப்பவில்லை. எழுந்து விளக்கைப் போடுங்கள். தண்ணீர் குடியுங்கள். மனைவியை எழுப்பினாலும் தப்பில்லை. அதற்குத்தான் கல்யாணம் பண்ணிக்கொள்கிறோம், வேறு எதற்கு?

போன் அந்த அறையில் இருக்கக் கூடாது. இதில் விவாதமே இல்லை. 'எழுப்பிவிடுவதற்கு அலாரம் வேண்டுமே' என்பீர்கள். ஒரு அலாரக் கடிகாரம் வாங்குங்கள். போனைக் கூடத்தில் சார்ஜில் போட்டுவிட்டு வாருங்கள். இது சின்னத்தனமாக, ஆவிக்குரியதாக இல்லாததாகத் தோன்றும். போத்திபாரின் வீட்டில், எஜமானின் மனைவி பிடித்து இழுத்தபோது யோசேப்பு என்ன செய்தான்? அவளோடு தர்க்கம் பண்ணிக்கொண்டு நிற்கவில்லை. வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். ஓடியதற்குப் பரிசாகச் சிறைதான் கிடைத்தது என்பது வேறு விஷயம்.

நாலாம் நூற்றாண்டில் எவாகிரியுஸ் என்று ஒரு துறவி இருந்தார். கான்ஸ்டான்டிநோபிளில் பேர்பெற்ற உதவிக்குருவாக இருந்தவர், திருமணமான ஒரு பெண்மேல் மனம் போய்விட, நகரத்தைவிட்டே கிளம்பி எருசலேமுக்குப் போனார். பிறகு எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்து 399-இல் இறந்தார். அங்கே போயும் எண்ணங்கள் விடவில்லை, ஆகவே அவற்றையே கவனித்து எழுத ஆரம்பித்தார். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது இது: எண்ணங்கள் வந்து தொல்லை செய்யுமா செய்யாதா என்பது நம் கையில் இல்லை, அவை தங்குமா தங்காதா என்பது நம் கையில் இருக்கிறது. இச்சை மனதில் எட்டிப் பார்த்ததற்காக உங்களை நீங்களே கொன்றுகொள்ள வேண்டாம். நாற்காலி போட்டு உட்கார வைப்பதுதான் பிரச்சினை. யாக்கோபும் இச்சை கர்ப்பந்தரித்துப் பாவத்தைப் பிறப்பிக்கிறது என்று படிப்படியாகத்தானே எழுதுகிறார். உங்கள் விஷயத்தில் முதல் படி செய்தி பார்ப்பது. அங்கேயே நிறுத்துவது சுலபம். நாலாவது வீடியோவில் நிறுத்துவது கஷ்டம்.

இத்தனையும் செய்தும் ஒரு ராத்திரி விழுந்துவிடுவீர்கள். நடக்கும், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். விழுந்த பிறகு வருகிற அந்த ஒரு மணி நேரத்தை என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். யூதாசும் பேதுருவும் சில மணி நேர இடைவெளியில் விழுந்தவர்கள். இருவரும் வருந்தினார்கள். யூதாஸ் தனியாகப் போனான். பேதுரு மனங்கசந்து அழுதான், ஆனால் மற்ற சீஷர்களோடு சேர்ந்து இருந்தான். மூன்றாம் நாள் கல்லறைக்கு ஓடும்போது அவன் அவர்களில் ஒருவனாகத்தான் ஓடுகிறான். அவன் விழுவதற்கு முன்பே, உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு வேண்டிக்கொண்டேன் என்று இயேசு சொல்லியிருந்தார். உன் விசுவாசத்தை நீயே காப்பாற்றிக்கொள் என்று சொல்லவில்லை. விடியற்காலையில் உங்கள்மேல் வருகிற அந்த வெறுப்பு உங்களைத் தனியாக இழுத்துக்கொண்டு போகிறது என்றால், அதை மனந்திரும்புதல் என்று நம்பிவிடாதீர்கள்.

அதனால் ஒருவரிடம் சொல்லுங்கள். வயதில் மூத்த, வாயை மூடிக்கொள்ளத் தெரிந்த ஒரு ஆண். ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு எழுதுவது "சொஸ்தமடையும்படிக்கு" என்ற காரணத்தோடு. வாரம் ஒருமுறை அவர் உங்களை நேராகக் கேட்கட்டும், நீங்களும் நேராகச் சொல்லுங்கள்.

மனைவி விஷயத்துக்கு வருகிறேன். பயத்தை இன்றைக்கே சொல்லுங்கள். இரண்டு வருடமாக நீங்கள் ராத்திரியில் எழுந்து போவது அவருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? மற்றதையும் சொல்லத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் உங்கள் மனப்பாரத்தை இறக்கி வைக்கிற அவசரத்தில், நடுராத்திரியில், பாதி அழுகையோடு வேண்டாம். முதலில் அந்த மூத்தவரிடம் பேசி, மருத்துவரையும் பார்த்துவிட்டு, பகலில், மகள் தூங்குகிற நேரத்தில் சொல்லுங்கள். அவர் கோபப்பட்டால் படட்டும். 'நான்தான் மன்னிப்புக் கேட்டுவிட்டேனே' என்று அவசரப்படுத்தாதீர்கள்.

வாலிபர் கூட்டத்தை விடுவதா வேண்டாமா என்பதைக் கடிதத்தில் நான் தீர்மானிக்க முடியாது. உங்கள் போதகரிடம் உண்மையைச் சொல்லி, அவர் சொல்கிறபடி செய்யுங்கள். மூன்று மாதம் வேறொருவர் நடத்தட்டும் என்று அவர் சொன்னால், அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளாமல் பின்வரிசையில் போய் உட்காருங்கள். நீங்கள் அங்கே உட்கார்ந்து வெகுநாள் ஆகியிருக்கும்.

மருத்துவர் என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுதுங்கள். அப்பாவைப் பற்றியும் எழுதுங்கள், இந்த முறை ஒரு வாக்கியத்துக்கு மேல். கடிகாரம் வாங்கியாயிற்றா என்றும் சொல்லுங்கள்.