வாசகர் கேள்வி – பதில்: பொலிமர் களிமண்ணில் கைச்செலவுக்கு உழைக்கலாமா?

இந்த முறை வன்னியின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் ஒரே கைவேலையைச் சுற்றியே இருந்ததால் சேர்த்துப் பதில் தருகிறோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, கிளிநொச்சி: பொழுதுபோக்காகப் பொலிமர் களிமண்ணில் தோடும் பதக்கமும் செய்கிறேன். ஓய்வூதியத்தோடு இதிலும் கொஞ்சம் வந்தால் நல்லது. ஆனால் கொடுத்த தோடுகளில் இரண்டு உடைந்து திரும்பி வந்துவிட்டன. விற்கத் தொடங்கலாமா?

விற்கலாம். முதலில் உடைவதை நிறுத்துங்கள். பெரும்பாலான உடைவுக்குக் காரணம் வேகாததுதான். இந்தக் களி காற்றில் காய்வதில்லை. உள்ளே இருப்பது பிவிசி என்ற பிளாஸ்ரிக்கின் தூளும் அதை இளக்கி வைத்திருக்கும் எண்ணெய் போன்ற ஒரு திரவமும். சரியான சூடு கிடைத்தால்தான் இரண்டும் உருகிச் சேர்ந்து ஒரே பொருளாகும். சூடு குறைந்தால் வெளியே கல் மாதிரி இருக்கும், உள்ளே சோக்கட்டி.

சூடு எவ்வளவு என்பதை அவணின் திருகி சொல்லும் என்று நம்ப வேண்டாம். சிறிய மேசை அவண்களில் திருகி 130 காட்டும்போது உள்ளே 100ஆகவும் இருக்கலாம், 160ஆகவும் இருக்கலாம். உள்ளே வைக்கும் அவண் வெப்பமானி ஒன்றை முதல் வாங்குங்கள். களியை அதற்குப் பிறகு வாங்கலாம். களி வகைகளில் ஃபீமோ 110 பாகை செல்சியசில் 30 நிமிடம், ஸ்கல்பி பிரீமோ 130 பாகையில் ஒவ்வொரு 6 மில்லிமீற்றர் தடிப்புக்கும் 30 நிமிடம் என்று பைக்கற்றிலேயே இருக்கும். சூடு அந்த அளவில் நிற்கும்வரை நேரம் கூடினால் பாதகமில்லை; 45 நிமிடம் வைப்பது நல்லது.

ஒவ்வொரு முறை சுடும்போதும் 2 மில்லிமீற்றர் தடிப்பில் விரல் நீளத் துண்டொன்றையும் கூட வையுங்கள். நன்றாக ஆறிய பின் அதை இரு கையாலும் வளையுங்கள். வில் மாதிரி வளைந்து திரும்பினால் அந்தத் தட்டு முழுவதையும் விற்கலாம். 'டக்' என்று முறிந்து, முறிந்த முகம் மாவாகத் தெரிந்தால் எல்லாவற்றையும் திரும்ப அவணில் வையுங்கள். இரண்டாம் முறை சுடுவதால் கெடாது.

களியின் வகையையும் பாருங்கள். ஸ்கல்பி III வெந்த பிறகும் மெல்லிய இடங்களில் முறியும். தோட்டுக்குப் பிரீமோ, செர்னிற், ஃபீமோ புரொபெஷனல் ஆகியவை உறுதியானவை.

இளைப்பாறிய எழுதுவினைஞர், மாங்குளம்: தகரக் கூரை வீடு. மத்தியானத்தில் களி கையில் ஒட்டிக்கொண்டு உருவமே எடுக்க முடியவில்லை. போன வருடம் வாங்கியதோ உதிர்கிறது.

இரண்டும் ஒரே சூட்டின் வேலை. தகரத்தின் கீழே பெட்டியில் கிடந்த களி மெல்ல மெல்லத் தானே வேகத் தொடங்கும், உதிர்வது அதனால்தான். பொலித்தீனில் இறுக்கிச் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். எடுத்தவுடன் பிரிக்காமல், அறைச் சூட்டுக்கு வந்த பின் பிரியுங்கள். இல்லாவிட்டால் மேலே நீர் பூத்து, சுடும்போது கொப்புளமாகும். குளிர்சாதனப் பெட்டி இல்லையென்றால் ஈர மணலில் பதித்த மண்பானை, காற்றுப்படும் நிழலில். சோளகம் வீசும் மாதங்களில் அது நன்றாகவே குளிரும். களிப் பொட்டலத்தை நீர் புகாத டப்பாவில் போட்டு உள்ளே வையுங்கள். டப்பாவின் அடியில் பிளாஸ்ரிக்கின் வகையைக் காட்டும் முக்கோணத்துக்குள் 5 என்றிருந்தால் நல்லது. 6 என்றிருந்தால் களி அதைக் கரைத்து ஒட்டிக்கொள்ளும்.

வேலையை விடியப்புறம் வையுங்கள். அப்போதும் இளகினால், இரண்டு வெள்ளைக் கடதாசிகளுக்கிடையில் தகடாக்கி ஓரிரு மணித்தியாலம் பாரம் வையுங்கள். கடதாசியில் எண்ணெய்க் கறை படிந்திருக்கும், களி இறுகியிருக்கும். கையில் ஒட்டுவதற்குச் சோளமா மெல்லியதாகத் தொட்டால் போதும்.

சோளகத்தோடு செம்புழுதியும் வரும். வெள்ளையை முதலில் பிசையுங்கள், பிறகு மஞ்சள், சிவப்பு, கடைசியாகக் கறுப்பு. நிறம் மாறும்போது ஈரத் துடைப்பான் ஒன்றால் கையைத் துடையுங்கள். சுட்ட பிறகு தெரியும் புழுதியை எடுக்க நீர்விட்டுத் தேயுங்கள்: 400, 600, 800, 1000 இலக்கச் சாண்ட் பேப்பர் வரிசையில். கடைசியில் பழைய ஜீன்ஸ் துணியால் உரசினால் மெல்லிய பளபளப்பு வரும்.

குடும்பத்தலைவி, புதுக்குடியிருப்பு: அவண் வாங்க வசதியில்லை. அயலில் உள்ள பேக்கரிப் போறணையில் வைத்துத் தரச் சொல்லலாமா?

தயவுசெய்து வேண்டாம். பாண் வேகும் சூடு 200 பாகைக்கு மேல். அந்தச் சூட்டில் களி கருகி ஹைட்ரஜன் குளோரைட்டு வாயு வரும். கண்ணும் தொண்டையும் எரியும், ஊரார் சாப்பிடும் பாணும் கெடும். நுண்ணலை அடுப்பும் சரிவராது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு சிறிய மின் அவண் வாங்கி, அதைக் களிக்கு மட்டுமே வைத்திருங்கள். அடியில் மாபிள் ஓடொன்றை வைத்து அதன் மேல் பொருட்களை அடுக்கி, அலுமினியத் தாளால் கூடாரம்போல் மூடுங்கள். கம்பிச் சூடு நேரே பட்டால் வெள்ளை பழுப்பாகிவிடும். எப்போதாவது கருகினால் அவணை நிறுத்தி, யன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே போய்விடுங்கள். இடையில் கறண்ட் போனால் பதற வேண்டாம். வந்த பின் முதலிலிருந்து முழு நேரமும் சுடுங்கள்.

முன்பள்ளி ஆசிரியை, நெடுங்கேணி: விலையைக் குறைக்கக் குளத்துக் களியைக் கலக்கலாமா?

முடியாது. பெயரில்தான் களிமண். குளத்துக் களியில் உள்ள நீர் சுடும்போது ஆவியாகிப் பொருளைப் பிளந்துவிடும். பெரிய மணிகளுக்கு உள்ளே அலுமினியத் தாளை இறுக்கி உருட்டி வைத்து மேலே களியைச் சுற்றுங்கள். செலவும் குறையும், பாரமும் குறையும்.

வாசகி, முள்ளியவளை: தோட்டின் பின் தண்டு கழன்று விழுகிறது. மினுக்கத்துக்குப் பூசிய நகப்பூச்சு ஒரு மாதத்தில் பிசுபிசுக்கிறது.

நகப்பூச்சு இந்தக் களியோடு சேராது, இளகிப் பிசினாகும். நீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ் மட்டும் பூசுங்கள். தண்டுக்குச் சுப்பர் குளு போதாது, தட்டினால் விட்டுவிடும். தண்டின் தட்டையான அடியைச் சாண்ட் பேப்பரால் சுரண்டி, சுட்ட தோட்டின் பின்னால் ஒரு சொட்டுத் திரவப் பொலிமர் களி வைத்துப் பதித்து, அதன் மேல் மெல்லிய சுடாத களித் தகட்டை மூடித் திரும்பச் சுடுங்கள். களி தண்டைப் பிடித்துக்கொள்ளும். துருப்பிடிக்காத உருக்குத் தண்டு வாங்குங்கள். மலிவான நிக்கல் பூச்சால் சிலருக்குக் காது புண்ணாகும்.

ஓய்வுபெற்ற தாதி, வவுனியா: என்ன விலை வைப்பது? கடைக்காரர் விற்கும் விலையில் கால்வாசியைத் தனக்குக் கேட்கிறார்.

கணக்குக் கொப்பியை எடுங்கள். 25 மில்லிமீற்றர் விட்டமும் 3 மில்லிமீற்றர் தடிப்புமான ஒரு சோடி வட்டத் தோட்டுக்கு 5 கிராமுக்குச் சற்று மேல் களி போகும். கழிவோடு 6 கிராம். 56 கிராம் பைக்கற் உங்கள் கைக்கு வரும்போது 1,600 ரூபாய் என்று வைத்தால் களி 171 ரூபாய். கொக்கி 40, அட்டையும் உறையும் 30, மின்சாரம் 20 என்றால் 261. இதோடு உங்கள் நேரம். 15 சோடி செய்யப் பத்து மணித்தியாலம் என்றால் ஒரு சோடிக்கு 40 நிமிடம். மணித்தியாலத்துக்கு 300 ரூபாய் கூலி வைத்தால் 200. மொத்தம் 461.

இங்கேதான் பலர் பிழைவிடுகிறார்கள். 461இன் கால்வாசியைக் கூட்டி 576 என்று எழுதினால், கடைக்காரர் 576இல் கால்வாசியை எடுத்துக்கொண்டு 432ஐத்தான் தருவார். 461ஐ 0.75ஆல் வகுக்க வேண்டும்: 615. அதனால் 650 என்று எழுதுங்கள். நேரே விற்றாலும் அதே 650தான். வீட்டில் குறைத்துக் கொடுத்தால் கடையில் யாரும் வாங்கமாட்டார்கள்.

மாதம் 30 சோடி விற்றால் உங்கள் கூலி 6,000 ரூபாயும் அதற்கு மேல் சிறு மிச்சமும். இதுதான் உள்ளபடியான அளவு. ஓய்வூதியப் பணிக்கொடையை எடுத்து இதில் போடாதீர்கள். ஐந்து நிறம், ஒரு அவண், ஒரு வெப்பமானி, வந்த காசில் அடுத்த பைக்கற். தொடர்ந்து விற்கத் தொடங்கியதும் வியாபாரப் பெயர்ப் பதிவு பற்றி உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

அதே தாதி: எதைச் செய்தால் விலைப்படும்?

எல்லாருடைய கையிலும் இருக்கும் ரோசாப்பூவை விடுங்கள். பாலைப்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: மஞ்சளில் மிகச் சிறிது செம்மஞ்சள் கலந்து, ஒரு சென்ரிமீற்றர் உருண்டையைச் சற்று நீட்டி, காம்பில் கபிலப் பொட்டு. ஒரு கொக்கியில் மூன்று. வன்னியில் பிறந்தவர்கள் கண்டதும் பெயர் சொல்வார்கள். பனங்காய், நெற்கதிர், மூக்குப்பேணி, உரலும் உலக்கையும் பெருவிரல் அளவில் குளிர்சாதனப் பெட்டிக் காந்தமாகச் செய்யலாம். யூலை, ஓகஸ்டில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பயணப் பெட்டியில் பாரமில்லாமல் கொண்டுபோகக்கூடியதைத்தான் தேடுவார்கள். அதற்கான இருப்பை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வரும் வைகாசிக்குள் முடித்துவிட்டால், அங்கே கூடும் சனத்துக்கும் கொஞ்சம் காட்டிப் பார்க்கலாம். கார்ட்டூன் உருவங்களைச் செய்து விற்காதீர்கள், அவற்றுக்கு உரிமைக்காரர் உண்டு.

கடையில் வைக்கும்போது எத்தனை, எந்த விலை, எந்தத் திகதி என்று இரு பிரதியாக எழுதிக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். வெயில் விழும் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். வெந்த களி அங்கே உருகாது, ஆனால் சில நிறங்கள், முக்கியமாக ஒளிரும் இளஞ்சிவப்பு, வெயிலில் வெளுத்துவிடும்.