கொலையாளிப் பூச்சிகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பூச்சிகளைப் படமெடுப்பது என் பொழுதுபோக்கு. அசாசின் பக் எனப்படும், பிற பூச்சிகளை வேட்டையாடும் கொலையாளிப் பூச்சிகளைப் பற்றி நீங்கள் எழுதியதிலிருந்து அவற்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒரே பூச்சியின் படங்களைப் பூச்சிகளை அடையாளம் காட்டும் செயலியில் போட்டால் ஒருமுறை ரைனோகோரிஸ் பேரினம் என்கிறது, மறுமுறை சைகானஸ் என்கிறது. சிவப்பும் கறுப்புமாக இருப்பவை எல்லாம் எனக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. உடலமைப்பைப் பார்த்துப் பேரினத்தைச் சொல்ல முடியுமா? மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்,

முடியும். அதற்கு முதலில் நிறத்தை ஒதுக்கி வையுங்கள். ரைனோகோரிஸ் மார்ஜினேட்டஸ் என்ற ஒரே சிற்றினத்துக்குள்ளேயே சிவப்பு தூக்கலானவை, கறுப்பு தூக்கலானவை என்று பல நிற வடிவங்கள் உண்டு. நிறத்தை நம்பி இறங்கினால் ஒரே பூச்சிக்கு மூன்று பெயர் வைத்துவிடுவோம்.

பார்க்க வேண்டிய முதல் இடம் வாய். கொலையாளிப் பூச்சியின் உறிஞ்சுகுழல் குட்டையானது, தடித்தது, பெரும்பாலும் வில்லாக வளைந்திருக்கும். வெளியே மூன்று கணுக்கள் தெரியும். அதன் நுனி முன்கால்களுக்கு நடுவே, மார்பின் அடியில் உள்ள ஒரு பள்ளத்தில் போய் உட்காரும். அந்தப் பள்ளத்தில் நுண்ணிய வரிகள் இருக்கின்றன. பிடிபட்டால் குழல் நுனியை அவற்றில் தேய்த்து கிறீச்சென்று ஒலி எழுப்பும். செடிகளின் சாற்றை உறிஞ்சும் இலைக்கால் பூச்சிகளுக்குக் குழல் மெல்லியது, நான்கு கணு, நேராக வயிற்றுப் பக்கம் ஒட்டிக் கிடக்கும். அவற்றின் குஞ்சுகளில் பல சிவப்பு உடலும் கறுப்புக் கால்களுமாக இருப்பதால் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். பக்கவாட்டில் ஒரு படம் இருந்தால் அந்தக் குழப்பமே வராது.

அப்புறம் முன்கால். ஃபைமேட்டா என்ற பேரினத்துக்கு முன்தொடை உருண்டு தடித்திருக்கும். எமீசினே துணைக்குடும்பத்தில் உடல் நூல் போல இருக்கும், முன்கால் கும்பிடுபூச்சியினுடையது போல மடங்கியிருக்கும். சைனியா பேரினத்துக்குத் தலையிலும் முன்காலிலும் முள் வரிசை. ஜீலஸின் கால்கள் ஒல்லியாக, ஆயுதமே இல்லாதவை போலத் தோன்றும். லென்ஸை நெருக்கிப் பாருங்கள், முன்கால் மயிர்களில் பசைத்துளிகள் மினுங்கும். அந்தப் பசையை அது தானே சுரக்கிறது. ஏபியோமெரஸோ செடிகளிலிருந்து பிசினை எடுத்துக் காலில் பூசிக்கொள்கிறது. இவை இரண்டும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. ஆகவே படம் எங்கே எடுத்தது என்பதைக் குறித்து வையுங்கள். அதை வைத்தே பல பேரினங்களைக் கழித்துவிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் முன்மார்புத் தகடு. தலைக்குப் பின்னால் உள்ள அந்தத் தகட்டைக் குறுக்கே ஒரு பள்ளம் இரண்டாகப் பிரிக்கும். அது எங்கே விழுகிறது என்று பாருங்கள். நடுவுக்குப் பின்னால் விழுந்து முன்பகுதி நீளமாக இருந்தால் எக்டோமோகோரிஸ், சிர்தீனியா சேர்ந்த பைராட்டினே துணைக்குடும்பம். நடுவிலோ அதற்கு முன்னாலோ விழுந்தால் அகாந்தாஸ்பிஸ், ரெடுவியஸ் பக்கம் தேடலாம். தரையில் ஓடும் இரண்டு கறுத்த பூச்சிகளை இந்த ஒரு கோடு பிரித்துவிடும். ஏரிலஸ் கிறிஸ்டேட்டஸ் என்ற சிற்றினத்துக்கு இதே தகட்டின் மேல் பற்சக்கரம் போன்ற கொண்டை உண்டு. ஆனால் வளர்ந்த பூச்சிக்கு மட்டும்தான், குஞ்சில் தேடாதீர்கள்.

தகட்டுக்குப் பின்னால், சிறகுகளுக்கு நடுவே ஒரு சிறு முக்கோணம் இருக்கிறதல்லவா? அதன் நுனியில் விலகி நிற்கும் இரண்டு கூர்முனைகள் தெரிந்தால் மரவட்டைகளை வேட்டையாடும் எக்ட்ரிகோடினே துணைக்குடும்பம். சைகானஸில் முக்கோணத்தின் மேல் ஒரு முள் நிமிர்ந்து நிற்கும், தலையும் நீண்டிருக்கும். ரைனோகோரிஸில் அந்த முள் கிடையாது. உங்கள் செயலி தடுமாறுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். மேலிருந்து எடுத்த படத்தில் நிமிர்ந்த முள் ஒரு புள்ளியாகத்தான் தெரியும்.

இரத்தம் குடிக்கும் டிரையடோமினே வகைகளையும் சொல்லிவிடுகிறேன், சாகஸ் என்ற ஒட்டுண்ணி நோயை மனிதர்களிடம் பரப்புபவை அவற்றில்தான் இருக்கின்றன. அவற்றின் குழல் வளையாமல் நேராக, ஒல்லியாக இருக்கும். பேரினத்தைச் சொல்ல உணர்கொம்பு எங்கே முளைக்கிறது என்று பார்த்தால் போதும்: தலை நுனிக்கு அருகே என்றால் ரோட்னியஸ், கண்ணை ஒட்டி என்றால் பான்ஸ்ட்ராஞ்சைலஸ், இரண்டுக்கும் நடுவில் என்றால் டிரையடோமா. இவ்வளவு தெளிவான அடையாளம் பூச்சியியலில் அபூர்வம்.

சரி, உங்கள் படங்கள். முதலாவது மேலிருந்து மட்டும் எடுத்தது, வாயும் தெரியவில்லை, காலும் மறைந்திருக்கிறது. அதற்கு நான் பெயர் சொல்ல மாட்டேன். இரண்டாவதில் முதுகு முள்ளும் நீண்ட தலையும் தெளிவாகவே இருக்கின்றன, அது சைகானஸ். மூன்றாவது சிறகு முளைக்காத குஞ்சு. வளைந்த குழல் தெரிவதால் குடும்பத்தை உறுதியாகச் சொல்லலாம், பேரினத்தை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

அடுத்த முறை மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடியிலிருந்து ஒன்று என எடுங்கள். அடிப்பக்கத்துக்குப் பூச்சியைக் கண்ணாடிக் குடுவைக்குள் விட்டு எடுத்துவிட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். கையால் மட்டும் பிடிக்காதீர்கள், குத்தினால் கடுமையாக வலிக்கும். முதல் படத்தில் உள்ள பூச்சி மறுபடி கண்ணில் பட்டால் பக்கவாட்டுப் படத்தை அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.